அத்தானின் வாக்கிங்

1

போன வாரம் பக்கத்து வீட்டு மார்லீன் அம்மாள் ஒரு பாத்திரம் நிறையப் பட்டாணி சூப் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், எய்ந்தோவன் என்ற ஊரில். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை. ஒருவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதற்கே மூன்று வாரம் முன்னால் தேதி வாங்க வேண்டும். போனால், டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று. அடுத்த நிமிஷம் டப்பாவை மூடிவிடுவார்கள். வந்த புதிதில் அந்த மூடி சாத்தும் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். இப்போது நானும் மூடப் பழகிவிட்டேன்.

ஆக, சூப் வந்தது பெரிய மரியாதை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மார்லீன் அம்மாள் என் மகள் அபியிடம், "சூப் எப்படி இருந்தது?" என்று கேட்டார். அபிக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "எனக்குப் பிடிக்கவில்லை, உப்பு ஜாஸ்தி" என்றாள். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. மார்லீன் அம்மாளோ முகம் மலர்ந்து, "சொன்னதற்கு நன்றி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது" என்றார். இருவரும் உப்பைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் மட்டும் வியர்த்துப்போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"அப்பா, தாம்பரத்துல எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். தாம்பரத்தில் என்ன ஆயிற்று என்பது ஊர்க்காரர்களாகிய உங்களுக்குத் தெரியவேண்டிய கதை.

2

போன ஜூலையில் அபியும் நானும் ஊருக்கு வந்திருந்தோம். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அபிக்கு டச்சுப் பாஸ்போர்ட் என்பதால், என் சொந்தப் பெண்ணை என் சொந்த ஊருக்குக் கூட்டிவர விசா வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். உறவினரைப் பார்க்க என்று நிரப்பினேன். உண்மையைச் சொன்னால், சாப்பிட. பதினாறு வருஷமாக மத்தியானத்தில் இரண்டு ரொட்டித் துண்டும் நடுவில் ஒரு பாலாடைக் கட்டியும் தின்கிறவன் வேறு எதற்கு விமானம் ஏறுவான்? ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது நான் மனசுக்குள் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறுவதற்காகக் காத்திருப்பேன்.

சென்னை பெரிய ஊர். கிண்டியில் ஆரம்பித்து வண்டலூர் வரை தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. ஆனால் ஊருக்கு வருகிறவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அவனைச் சொந்தக்காரர்கள் வெளியே சாப்பிட விடமாட்டார்கள். கூடப்பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி ஓட்டலில் சாப்பிட்டால் ஊர் என்ன பேசும்?

என் கூடப்பிறந்தவள் எஸ்தர் அக்கா. சேலையூரில் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கணக்கு வராத பையனைக்கூடப் பாஸ் பண்ண வைப்பாள் என்று தாம்பரத்தில் பெயர். தங்கமான மனுஷி. சமையல் மட்டும் வராது. வராது என்றால், சுத்தமாக வராது. அவள் சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி பேசாமல் இருக்கும். சப்பாத்தியைத் தட்டில் வைத்தால் சத்தம் வரும். அவளுடைய ஒரே பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஹாஸ்டல் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லும் மாணவன் தமிழ்நாட்டிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

இதை அவளிடம் யாரும் சொன்னது கிடையாது. அதற்குக் காரணம் எங்கள் அப்பா. அம்மா இறந்தபோது அக்கா காலேஜில் இருந்தாள், நான் பள்ளிக்கூடத்தில். அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, அக்கா முதன்முறையாக அடுப்படிக்குள் போய் ஒரு ரசம் வைத்தாள். அது எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்பா அதை ஊற்றிப் பிசைந்து, முழுசாகச் சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "அப்படியே அம்மா கைப்பக்குவம்" என்றார். அக்கா அழுதாள். நானும் அழுதேன். நான் அழுததற்குப் பாதிக் காரணம் ரசம்.

அன்றோடு தீர்ந்தது. அம்மா கைப்பக்குவத்தை நல்லாயில்லை என்று எவன் சொல்வான்? அப்பா கடைசிவரை சொல்லவில்லை. நானும் வெளிநாடு போகும்வரை சொல்லவில்லை. பிறகு கல்யாணமாகி வந்த டேவிட் அத்தானிடம், பெண் பார்த்த அன்றே அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: "தம்பி, எது போட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லிடுங்க. தாயில்லாப் பொண்ணு." அத்தான் நல்ல மனுஷர். வாக்குக் கொடுத்தார்.

3

விமானத்திலேயே அபியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அத்தை சமையல் சுமாரா இருக்கும். நீ நல்லாருக்கு அத்தைன்னு மட்டும் சொல்லணும். அவ்ளோதான்."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா இல்லன்னாலும்."

"அது பொய் அப்பா. நல்லாருக்குன்னு சொன்னா இன்னும் போடுவாங்களே?"

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். கேட்காவிட்டால் சொல்லமாட்டாள். கேட்டால் உண்மையைத்தான் சொல்வாள். அதற்குக் கீழே இறங்கி வரவே மாட்டேன் என்றுவிட்டாள். டச்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டால் இப்படித்தான்.

ஆகவே எங்கள் வேலை ஒன்றே ஒன்று: அக்கா அபியைப் பார்த்து 'எப்படி இருக்கு' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால், இத்தனை வருஷமாக ஒரு குடும்பமே மென்று விழுங்கிக் காப்பாற்றிய மானம் ஒரு நொடியில் போய்விடும். அக்கா மனசு உடைந்துவிடும். அவளுக்கு அம்மாவின் இடத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கைப்பக்குவம்தானே.

முதல் நாள் மத்தியானமே சோதனை. நான் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், காரம் ஒத்துக்கொள்ளாது என்று அக்கா தானாகவே முடிவுகட்டி, கோழிக் குழம்பில் மிளகாயை விட்டுவிட்டாள். ஏற்கெனவே ஒன்றும் இல்லாத குழம்பில் இருந்த ஒன்றும் போயிற்று. நான் ஒரு வாய் வைத்து, "நல்லாருக்குக்கா" என்றேன். உடனே ஒரு கரண்டி விழுந்தது. அபி சொன்னது சரிதான்.

அபியின் தட்டுப் பக்கம் கரண்டி திரும்பியது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் 'கொஞ்சம்கூட வேண்டாம் அத்தை'. பாவம், அவள் தமிழ் அவசரத்துக்கு வராது.

"அத்தை, கொஞ்சம் கூட..." என்று ஆரம்பித்தவளுக்கு 'வேண்டாம்' நினைவுக்கு வரவில்லை. கண்ணை மேலே உருட்டித் தேடினாள். அதற்குள் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"கொஞ்சம் கூடவா? வாங்கிக்கோடி என் செல்லம்! பாத்தியாடா ஜெபா, கொழந்த எப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிடறா!"

ரெண்டு கரண்டி விழுந்தது. அபி என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அக்கா மட்டும் எப்போதும்போலக் கடைசியில், ஒரு கைப்பிடிச் சோறும் கொஞ்சம் மோரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தான் கொறிக்கும் தியாகி என்று சின்ன வயசிலிருந்தே எனக்கு அவள் மேல் பரிதாபம்.

கை கழுவும்போது அத்தான் பக்கத்தில் வந்து, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தார். "மச்சான், சாயங்காலம் வாக்கிங் போலாம். பாப்பாவயும் கூட்டிட்டு வா."

"அசதியா இருக்கு அத்தான்."

"நான் சொல்றது புரியலியா? வாக்கிங்."

4

அத்தான் ரயில்வேயில் குமாஸ்தா. கல்யாணமான நாளிலிருந்து, ஒரு நாள் தவறாமல் வாக்கிங் போகிறவர். அக்கா அவ்வப்போது, "இவ்ளோ நடந்தும் அந்தத் தொப்பை மட்டும் கொறைய மாட்டேங்குதே" என்பாள். எப்படிக் குறையும்? இத்தனை வருஷமாக அவர் நடந்தது கல்லாப்பெட்டி வரைக்கும்தான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை எந்தக் கடையில் எந்தக் கிழமை என்ன நன்றாயிருக்கும் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு சாப்பாட்டு மேதையை எங்கள் அக்கா தன் கையாலேயே உருவாக்கியிருக்கிறாள்.

ஆனால் முதல் நாள் அபி குறுக்கே பாய்ந்தாள். "நான் போன்ல பாக்கிறேன் மாமா. நிறைய ஸ்டார் வாங்கின கடை இருக்கு." அத்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். பெருங்களத்தூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடி மாளிகையாக ஒரு கடை. உள்ளே குளிர் நடுக்கியது. பலூன் கட்டியிருந்தார்கள். பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்தநாள். பரிமாறுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த பதார்த்தம் எல்லாமே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, எது கோழி எது பனீர் என்று கடித்தாலும் தெரியவில்லை. அபி மறுபடி போனைத் திறந்து, ஸ்டார் போட்டவர்கள் எழுதியதை எங்களுக்கு வாசித்தாள். பார்க்கிங் வசதி அருமை. ஏ.சி. அருமை. குழந்தைக்கு பலூன் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"பாத்தியா பாப்பா," என்றார் அத்தான். "ஸ்டாரு வானத்துல பாக்கிறது. கடைய தரையில நின்னு பாக்கணும்."

மறுநாளிலிருந்து அவர் கொடி பறந்தது. போகிற வழியெல்லாம் பாடம். "பலகையில சைனீஸ், தந்தூரி, அரேபியன், சவுத் இண்டியன்னு நாலும் எழுதியிருந்தா திரும்பிப் பாக்காம நட. காலேஜ் பசங்க நிக்கிற கடையில வயிறு நெறயும், டூட்டி முடிஞ்ச பஸ் கண்டக்டர் நிக்கிற கடையில நாக்கு நெறயும். இன்னா கீதுன்னு கேட்டா நூறு அயிட்டம் ஒப்பிக்கிறான் பாரு, அவன்கிட்ட ஒண்ணும் இருக்காது. 'இது மட்டும்தான் சார், அதுவும் தீரப்போவுது' அப்படிங்கிறான் பாரு, அங்க குந்து."

ஊரப்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டி ஒரு சந்தில் இட்லி சாப்பிட்டோம். நாக்கில் வைத்ததும் கரைந்தது. நாலாவது தடவை சட்னி ஊற்றியவரிடம் நான் பழக்க தோஷத்தில் "நன்றி" என்றேன். அவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"இன்னாத்துக்கு சார்?"

"சட்னிக்கு."

"சட்னிக்கு எவனாச்சும் நன்றி சொல்வானா? ஏதோ அடக்கத்துக்கு வந்தவங்களாண்ட சொல்ற மாதிரி சொல்றியே. ஊருக்குப் புச்சா?"

பிறந்து வளர்ந்த ஊரில் இப்படிக் கேட்டுவிட்டார். எய்ந்தோவனில் நன்றி சொல்லாவிட்டால் முறைப்பார்கள், இங்கே சொன்னால் முறைக்கிறார்கள். அத்தான்தான், "ஃபாரின்ல கீறாரு, ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்று சமாதானம் செய்தார்.

இன்னொரு நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சொன்னபடி வண்டலூர் போனோம். கேட்டைத் தாண்டி ஒரு பரோட்டாக் கடைவரை போனோம். பதினாறு வருஷம் மனசுக்குள் பிய்த்த பரோட்டாவைக் கையால் பிய்த்தேன். அபி நாட்டுக்கோழி வறுவலை எலும்புவரை விடவில்லை. கையை நக்கிக்கொண்டு, "அப்பா, நாம இங்கயே இருக்கலாமா?" என்று கேட்டாள். இந்தப் பெண்ணிடம் தமிழ் பேசு, ஊரை மறக்காதே என்று நான் எத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஒரு தட்டு வறுவல் செய்துவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆசையாக, "அபிக்குட்டி, புலி பாத்தியா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டால் சொல்லவேண்டுமே. "இல்ல அத்தை. கோழி பாத்தேன்."

"கோழியா?"

"அங்க காட்டுக்கோழி ஃபேமஸ்மா," என்று அத்தான் பாய்ந்து விழுந்தார். "ஃபாரின் கொழந்தைங்க, இதெல்லாம் எங்க பாத்துருக்கும்."

அக்கா அத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ராத்திரிக்கு ஓட்ஸ் பொங்கல் வச்சிருக்கேன், வாங்க" என்றாள். எங்கள் மூவருக்கும் வயிற்றில் இடமில்லை. இருந்தாலும் உட்கார்ந்தோம். அக்கா அபியின் பக்கம் திரும்பி "எப்..." என்று வாயெடுக்கும்போதெல்லாம் நானோ அத்தானோ ஏதாவது ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டோம். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நான் அக்காவிடம் பிதாகரஸ் தேற்றத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டேன். அவளும் பொறுமையாக விளக்கினாள்.

5

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. அக்கா காலையிலேயே, "எனக்கு இன்னிக்கு மாதர் ஜெபக் கூட்டம். மத்தியானத்துக்கு எலுமிச்ச சோறு கட்டி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை கூட்டமாம். வந்தால் ராத்திரியும் சாப்பிட மாட்டாள், ஜெபத்தில் மனசு நிறைந்துவிடும் என்பாளாம். இதைச் சொல்லும்போது அத்தானின் குரலில் ஒரு பக்தி.

"இன்னிக்கு நாள் முழுக்க நம்மளுது," என்றார். "தூரமாவே போவோம். கோவிலம்பாக்கத்துல ஒரு கடை கீது, போர்டே கிடையாது. மீன் சாப்பாடு மட்டும். அந்தப் பக்கம் நம்ம சபை ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க. பத்து வருஷமா போறேன், தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு பாத்ததில்ல."

ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வீட்டின் முன்பக்கத்தில் தகரக் கூரை இறக்கி, நாலைந்து மேஜை போட்டிருந்தார்கள். உள்ளே மீன் வறுபடும் சத்தம். வாசனைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிமாறும் மணி அண்ணன் அத்தானைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா சார், இன்னா போன வாரம் ஆளயே காணோம்? வஞ்சிரம் இப்பத்தான் கல்லுல கீது. ஒரே பேஜார், வெளிய எடமே இல்ல. உள் ரூம்புல டீச்சரம்மா துன்னுகினு கீறாங்க, எதிர்ல குந்திக்கோ. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நல்ல மனுஷி."

உள்ளே போனோம்.

டீச்சரம்மா இலைமேல் குனிந்து, ஒரு மீன் துண்டிலிருந்து முள்ளை மிக நிதானமாக, கணக்கில் ஒரு வரி தப்பாமல் எழுதுகிற மாதிரி, உருவிக்கொண்டிருந்தாள். இலை ஓரத்தில் ஏற்கெனவே உருவிய முள் வரிசையாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் பைபிள் பை. சோறு மலையாகக் குவிந்திருந்தது. நான் பார்த்து அறியாத என் அக்கா. தலை நிமிர்ந்தாள்.

மீன் மட்டும் அடுப்படியில் சத்தம் போட்டது.

"வாக்கிங் வந்தோம்," என்றார் அத்தான்.

"சேலையூர்லேருந்து கோவிலம்பாக்கத்துக்கா?"

"கொஞ்சம் லாங் வாக்கிங்." பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஆமா, நீ? ஜெபக் கூட்டம்னியே?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணேன்."

"சரி, கூட்டம்?"

"அதான் நீங்கல்லாம் வந்துட்டீங்களே," என்றாள் அக்கா. "உக்காருங்க."

உட்கார்ந்தோம். அத்தான் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். மணி அண்ணன் இலை போட்டுவிட்டுப் போனார். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, நேராக அபியைப் பார்த்தாள்.

"அபி, நீ பொய் சொல்லமாட்ட. அத்தை கேக்கிறேன், சொல்லு. அத்தை சமையல் எப்படி இருக்கு?"

"அக்கா, அந்த பிதாகரஸ்..." என்றேன்.

"நீ வாய மூடுறா."

அபி என்னைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள். "நல்லா இல்ல அத்தை." ஒரு நிமிஷம் யோசித்து, முதல் நாள் தொலைத்த வார்த்தைகளைச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். "கொஞ்சம்கூட நல்லா இல்ல."

முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவின் முகம் கண்முன் வந்துபோனது. அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அத்தான் பதறிப்போய், "எஸ்தர், கொழந்த தெரியாம..." என்று கையை நீட்டினார். அப்போதுதான் தெரிந்தது, அவள் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அப்பாடா," என்றாள். "அப்பாடா! ஒருத்தி சொன்னாடா!"

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் நாக்கு இருக்குல்லடா? நானும் அதையேதான சாப்பிடறேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் இது எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் சமைத்ததை அவளும் சாப்பிட்டாள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு கைப்பிடிச் சோறும் மோரும் தியாகம் இல்லை. அதுதான் தப்பிக்கிற வழி.

"அன்னிக்கு அந்த ரசத்த வாயில வச்சதுமே தெரிஞ்சிது," என்றாள். "சரி, அப்பா திட்டுவாரு, யாரயாச்சும் சமைக்க வச்சிடுவாரு, நம்ம புஸ்தகத்த எடுத்துடலாம்னு பாத்தா, மனுஷன் அம்மா கைப்பக்குவம்னுட்டாரு. அதுக்கப்புறம் எப்படிடா நான் கரண்டியக் கீழ வைக்கிறது? எனக்கு அடுப்படின்னாலே ஆகாது. யாராச்சும் ஒருத்தர் நல்லால்லன்னு சொல்லட்டும், அன்னிக்கே நிறுத்திடலாம்னு பாத்துட்டே இருந்தேன். மிளகாயே போடாமப் பாத்தேன். ஓட்ஸ்ல பொங்கல் வச்சிப் பாத்தேன். எது போட்டாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு! பாவிங்களா!"

அவள் மனசு நோகக் கூடாது என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு 'நல்லாருக்கு'வும் அவளை இன்னொரு நாள் அடுப்படியில் நிறுத்தியிருக்கிறது. கணக்கில் ராணி மாதிரி இருக்கவேண்டியவளை நாங்கள் பாசத்தாலேயே புகையில் நிறுத்திவைத்திருக்கிறோம். ஒரு டச்சு நாட்டுப் பெண் விசா வாங்கிக்கொண்டு வந்துதான் அவளை விடுவிக்க வேண்டியிருந்தது.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப என் வாக்கிங்கும்...?"

"சட்டைய தொவைக்கிறது யாரு? வாக்கிங் போன சட்டையில சால்னா வாசன எதுக்குங்க வருது?"

"தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே!"

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க. அப்புறம் மூணு வேளையும் வீட்லயே சாப்பிடணும்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்னு விட்டுட்டேன்."

இதற்குள் எங்கள் இலைக்கும் மீன் வந்திருந்தது. அத்தான் தன் இலையிலிருந்த வஞ்சிரத் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு, சதையைத் தூக்கி அக்கா இலையில் வைத்தார். மறுபடி வறுவல் கொண்டுவந்த மணி அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், சார் உங்க வூட்டுக்காரரா? எம்மா வருசமா ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ஒரே மீன துன்னுட்டுப் போறீங்க, ஒரு வார்த்த சொல்லல? ஒண்ணா வந்திருந்தா நல்ல டேபிளா குடுத்திருப்பேனே!"

"இவளுக்கு இன்னொரு துண்டு வைங்க," என்று அக்கா அபியைக் காட்டினாள். அபி இலையை இழுத்துக்கொண்டு, இந்தத் தடவை வார்த்தை எதையும் தேடாமல், "கொஞ்சம் கூட!" என்றாள்.

கிளம்பும்போது மணி அண்ணனிடம் நான் வேண்டுமென்றே நன்றி சொன்னேன். அவர் முறைத்தார். முறைக்கட்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா கட்டிவைத்திருந்த எலுமிச்சம் சோறு அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

6

சூப் விவகாரத்துக்குப் பிறகு, அபியிடம் வாயை மூடிக்கொண்ட அன்று, மனசு கேட்காமல் சேலையூருக்குப் போன் போட்டேன். இங்கே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. என் முன்னால் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் இருந்தன. அக்கா போனை அத்தான் எடுத்தார். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம், தொடர்ந்து அவருடைய தும்மல்.

"என்ன அத்தான், அடுப்படியிலயா இருக்கீங்க?"

"ஆமா மச்சான். இப்ப நான்தான் சமையல். ஊர் பூரா சாப்பிட்டவனாச்சே, எனக்குத் தெரியாததான்னு ஆரம்பிச்சேன். உங்க அக்கா ஜாலியா பசங்களுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பிச்சிட்டா. வயசு பத்து கொறஞ்ச மாதிரி இருக்கா."

"ரொம்ப சந்தோஷம் அத்தான். சமையல் எப்படி வருது?"

"அதான் சரியாத் தெரியல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கு ஒரு சாம்பார் வச்சேன். பருப்பும் தண்ணியும் கொஞ்சம் தனித்தனியாத்தான் நின்னுது."

"அக்கா என்ன சொன்னா?"

"நல்லாருக்குங்கன்னா."

"அப்படியா! எங்க அவ, போனக் குடுங்க."

அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார்.

"வாக்கிங் போயிருக்கா."